புறா வடிவில் வந்த ஞானி

துருக்கி நாட்டின் நடுவே அனத்தோலியப் பீடபூமி பரந்து கிடக்கிறது. கோடையில் புழுதியும் குளிர்காலத்தில் பனியும் மூடும் நிலம் அது. அங்கே நெவ்ஷெஹிர் மாகாணத்தில் ஹாஜிபெக்தாஷ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூருக்குப் பெயர் தந்த பெரியவரின் ஓவியத்தைத் துருக்கியின் அலவி மக்களுடைய வீடுகளில் இன்றும் காணலாம். வெண்தாடி முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் ஒரு கை மானை அணைத்திருக்கிறது. மறு கை சிங்கத்தை அணைத்திருக்கிறது. மான் அஞ்சி ஓடவில்லை. சிங்கமும் அதன்மேல் பாயவில்லை. அந்த முதியவரே 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாஜி பெக்தாஷ் வலி. வலி என்பது இறைநேசரைக் குறிக்கும் அரபுச் சொல். தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலும் அது இப்பொருளிலேயே வழங்குகிறது.

நபிகள் நாயகத்தின் மருமகனாகிய அலீ அவர்களிடமும் அவரை முதல்வராகக் கொண்ட பன்னிரு இமாம்களிடமும் பேரன்பு பூண்டவர்கள் அலவிகள். சிரியா நாட்டில் இதையொத்த பெயருடைய மற்றொரு பிரிவினர் உள்ளனர். அவர்களது மரபு வேறு. துருக்கி அலவிகள் ஆணும் பெண்ணும் ஒன்றுகூடி வழிபடுவர். சாஸ் என்னும் நரம்புக் கருவி இசைக்கப் பாடுவர். செமா என்னும் சுழல்நடனம் ஆடுவர். பெக்தாஷ் அவர்களின் தலையாய ஞானி. அவர் பெயரால் எழுந்த துறவியர் நெறி பெக்தாஷி நெறி எனப்படுகிறது.

இவரைப் பற்றி வரலாறு தருபவை சில வரிகளே. மக்கள் நினைவோ ஒரு பெருநூலையே தருகிறது. விலாயத்நாமே என்னும் அந்நூல், அவர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்து வடிவம் பெற்றது. பாணர்களும் துறவிகளும் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளின் தொகுப்பு அது. நடந்தது இது, மக்கள் நம்பியது இது எனப் பிரித்தறிந்து படித்தால் இரண்டுமே நமக்குப் பயன்தரும்.

புலம்பெயர்ந்தோரின் நிலம்

குராசான் பகுதியிலுள்ள நிஷாப்பூரில் 1209ஆம் ஆண்டளவில் பெக்தாஷ் பிறந்தார் என்பது மரபு. கல்வியாலும் ஞானத்தாலும் பெயர்பெற்ற அந்நகரை 1221ஆம் ஆண்டில் மங்கோலியர் அழித்தனர். நடு ஆசியாவிலும் ஈரானிலும் வாழ்ந்த துருக்மான் குடிகள் அலையலையாக மேற்கு நோக்கி நகர்ந்தன. ஆட்டு மந்தைகளோடும் கூடாரங்களோடும் அவர்கள் அனத்தோலியாவுக்குள் நுழைந்தனர். அவர்களோடு துறவிகளும் வந்தனர்.

அந்நாளில் அனத்தோலியாவைச் செல்ஜுக் சுல்தான்கள் கொன்யா நகரிலிருந்து ஆண்டனர். அரசவையின் இலக்கிய மொழி பாரசீகம். சமயக் கல்வியின் மொழி அரபு. புதிதாக வந்த மேய்ப்பர்களோ துருக்கி மொழி மட்டுமே அறிந்தவர்கள். இசுலாத்தை ஏற்றிருந்தும் தம் முன்னோரின் பழைய வழக்கங்கள் பலவற்றை அவர்கள் கைவிடவில்லை. நகரத்தார் கண்ணுக்கு அவர்கள் முரடர்களாகத் தெரிந்தனர். மேய்ச்சல் நிலத்துக்கான பூசலும் வரிச்சுமையும் அவர்களை வருத்தின. அவர்கள் தம் துயரைச் சொல்லிக்கொண்டது பாபா எனப்பட்ட சமயப் பெரியவர்களிடந்தான். பாபா என்றால் தந்தை என்று பொருள்.

அத்தகையோருள் அமாசியாப் பகுதியில் வாழ்ந்த பாபா இலியாஸ் புகழ்மிக்கவர். பெக்தாஷும் அவருடைய உடன்பிறந்தவரான மெந்தேஷும் சிவாஸ் நகருக்கு வந்து, பின்னர்ப் பாபா இலியாஸை அடைந்தனர் என்று 15ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஆஷிக்பாஷாசாதே குறிப்பிடுகிறார். அவர் பாபா இலியாஸின் வழித்தோன்றல் என்பதால் இச்செய்திக்குத் தனி மதிப்பு உண்டு.

1239, 1240 ஆகிய ஆண்டுகளில் துருக்மான் மக்கள் சுல்தான் இரண்டாம் கைகுஸ்ரூவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். மனைவி மக்களையும் மந்தைகளையும் உடனழைத்துக்கொண்டே அவர்கள் போருக்குச் சென்றனர். அனுப்பப்பட்ட படைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடித்தனர். பாபா இலியாஸ் அமாசியாவில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட பின்னும் கிளர்ச்சி அடங்கவில்லை. இறுதியாகக் கிர்ஷெஹிர் அருகேயுள்ள மால்யாச் சமவெளியில் இரு தரப்பும் எதிர்நின்றன. ஞானிகளின் ஆற்றலுக்கு அஞ்சிச் சுல்தானின் வீரர்கள் தயங்கவே, கூலிக்கு அமர்த்தப்பட்ட ஐரோப்பியக் குதிரை வீரர்கள் முன்னணியில் நிறுத்தப்பட்டனர். கிளர்ச்சியாளர் கூட்டம் சிதைந்தது. அதன்பின் நடந்தது போரன்று, படுகொலை. மெந்தேஷும் சிவாஸில் கொல்லப்பட்டார். இவ்வளவு குருதி சிந்திக் காத்த அரசு நெடுங்காலம் நிலைக்கவில்லை; 1243ஆம் ஆண்டில் கோசேதாக் என்னுமிடத்தில் மங்கோலியரிடம் அது தோற்றுப் பணிந்தது.

ஏழு வீடுகள் கொண்ட ஊர்

குருவையும் உடன்பிறந்தவரையும் இழந்த பெக்தாஷ் என்ன செய்தார்? அவர் போரில் வாளேந்தியதற்குச் சான்று இல்லை. பின்னாளில் பழிவாங்கப் படை திரட்டியதாகவும் செய்தி இல்லை. கைசேரி நகரிலிருந்து அவர் காராஹொயுக் என்னும் ஊருக்குச் சென்று தங்கிவிட்டார். விலாயத்நாமே கூறும் கணக்குப்படி அவ்வூரில் அப்போது இருந்தவை ஏழே வீடுகள். அரசவையும் கல்விக்கூடங்களும் சந்தைப் பெருக்கும் கொண்ட கொன்யாவுக்கு அவர் செல்லவில்லை. வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் அந்தச் சிற்றூரிலேயே கழித்தார்.

அக்காலத்தில் கொன்யாவில் ஜலாலுத்தீன் ரூமி வாழ்ந்திருந்தார். ரூமியின் வழிவந்தவரான அஃப்லாக்கி என்பவர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் பெக்தாஷைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. ஒளிபெற்ற உள்ளம் உடையவர் என்று அவரைப் போற்றும் அந்நூல், சமயச் சட்டங்களைப் பின்பற்றாதவர் என்று குறையும் கூறுகிறது. கிர்ஷெஹிரின் ஆளுநர் தொழுகையை வலியுறுத்தியபோது, உளூச் செய்வதற்காக வார்த்த நீரைப் பெக்தாஷ் குருதியாக மாற்றினாராம். செய்தி கேட்ட ரூமி, தூய்மையானதை மாசாக்குவதில் வியப்பு என்ன இருக்கிறது என்று கருதினாராம். இது போட்டி மடத்தார் எழுதிவைத்த கதை. அதை நினைவில் கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆயினும் பெக்தாஷ் வாழ்ந்த காலத்திலேயே நகரத்து அறிஞர்களுக்கும் நாட்டுப்புறப் பாபாக்களுக்கும் இடையே நிலவிய பிணக்கை இக்கதை நன்கு காட்டுகிறது.

பருந்தும் புறாவும்

பெக்தாஷின் வருகையை மக்கள் வேறுவிதமாகச் சொன்னார்கள். துருக்கியரின் பெருஞானியாகிய அகமது யசவி அவருக்கு மரவாள் ஒன்றை அணிவித்து அனத்தோலியாவுக்கு அனுப்பினார் என்கிறது விலாயத்நாமே. யசவி 1166ஆம் ஆண்டளவில் மறைந்தவர் என்பர். ஆதலின் இருவரும் நேரில் சந்தித்திருக்க இயலாது. காலக்கணக்கைக் கதை பொருட்படுத்தவில்லை. தம் ஞானி எந்த மரபில் வந்தவர் என்பதைச் சொல்வதே அதன் நோக்கம். வாள் மரத்தால் ஆனது என்பதும் கருதத்தக்கது.

அவர் பெயரின் முன்னுள்ள ஹாஜி என்னும் பட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. அவருடைய ஆசிரியர் லுக்மான் பெரெந்தே ஹஜ்ஜுக்குச் சென்றிருந்தார். அரஃபாத் வெளியில் நின்றபோது, இன்று நம் வீட்டில் பலகாரம் சுடுவார்களே என்று உடனிருந்தோரிடம் சொன்னார். நிஷாப்பூரில் இருந்த சிறுவன் பெக்தாஷ் அதை உள்ளத்தால் உணர்ந்தான். சுடச்சுடத் தட்டில் வாங்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆசிரியரிடம் கொண்டுசேர்த்தான். ஊர் திரும்பிய ஆசிரியர், தம்மை வாழ்த்த வந்தவர்களிடம் உண்மையான ஹாஜி இவனே என்று மாணவனைக் காட்டினாராம்.

பெக்தாஷ் அனத்தோலிய எல்லையை நெருங்கியபோது, தொலைவிலிருந்தே அங்கிருந்த ஞானிகளுக்கு மனத்தால் வணக்கம் தெரிவித்தார். கூடியிருந்தோர் ஐம்பத்தேழாயிரம் பேர் என்கிறது கதை. அவர்களுள் அதை உணர்ந்தவர் ஒருவரே. அவர் கூட்டத்தாருக்கு உணவு சமைத்துக்கொண்டிருந்த ஃபாத்திமா என்னும் பெண். அவர் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துப் பதில் வணக்கம் செய்தார். வருபவர் தம்மைவிடப் பெரியவராயின் தம் மதிப்பு என்னாவது என்று அஞ்சிய மற்றவர்கள் வான்வழியை அடைத்தனர். பெக்தாஷ் புறா உருக்கொண்டு அத்தடையைக் கடந்து காராஹொயுக்கில் ஒரு பாறையின்மேல் இறங்கினார். பாறை மாவைப்போல் குழைந்து அவர் பாதத்தடத்தை ஏற்றுக்கொண்டது.

ஞானிகளுள் ஒருவர் பருந்தாக மாறி அந்தப் புறாவின்மீது பாய்ந்தார். அந்நொடியில் பெக்தாஷ் மனித உருக்கொண்டு பருந்தின் கழுத்தைப் பற்றினார். பாய்ந்தவர் நினைவிழந்து விழுந்தார். தெளிந்து எழுந்தபின் பெக்தாஷ் அவரைக் கடிந்தது ஒன்றற்காகத்தான். பிறர்க்குத் தீங்கு செய்யாத எளிய உயிரின் வடிவில் தாம் வந்திருக்க, அவர் கொடியதன் வடிவில் எதிர்கொண்டது தகுமா என்பதே அது. புறாவைவிட எளிய உயிர் ஒன்று இருந்திருப்பின் அதன் வடிவில் வந்திருப்பார் என்றும் கதை சேர்க்கிறது. மால்யாச் சமவெளியில் உற்றாரை இழந்த மக்களின் பிள்ளைகளும் பேரர்களும் இக்கதையைக் கேட்டு வளர்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், தம் ஞானிக்கு அவர்கள் ஏன் புறாவின் உருவைத் தந்தார்கள் என்பது விளங்கும்.

இன்னொரு கதையில் மஹ்மூத் ஹைரானி என்னும் ஞானி சிங்கத்தின்மேல் ஏறி, பாம்பைச் சவுக்காகப் பிடித்து, முந்நூறு சீடர்களுடன் பெக்தாஷைக் காண வருகிறார். உயிருள்ளதை ஓட்டுவது எளிது என்று எண்ணிய பெக்தாஷ், அருகிலிருந்த சுவரின்மேல் ஏறி அமர்ந்து அதை நகரச் செய்து எதிர்கொள்கிறார். வந்தவர் சிங்கத்தினின்று இறங்கி வணங்குகிறார்.

காதின்ஜிக் தாய்

காராஹொயுக்கில் பெக்தாஷ் முதலில் சந்தித்தவர்கள் ஊற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள். அவர் பசிக்கு உணவு கேட்டார். தம்மிடம் ஏதுமில்லை என்றனர் அவர்கள். காதின்ஜிக் என்னும் பெண் மட்டும் வீட்டுக்கு விரைந்து, இருந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி எடுத்துவந்து கொடுத்தார். அன்றுமுதல் அவர் வீட்டு வெண்ணெய்ப் பானை வற்றவில்லை என்பது கதை. காதின்ஜிக்கும் அவர் கணவர் இத்ரீஸும் அந்த வழிப்போக்கருக்கு வீட்டில் இடம் தந்தனர். ஊரார் பேசிய பழிச்சொற்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

இதன்பின் நிகழ்ந்தது வெறும் கதையன்று. ஆஷிக்பாஷாசாதே அனத்தோலியாவில் இருந்த நான்கு குழுவினரைக் குறிப்பிடுகிறார். போர்வீரர்கள், கைவினைக் கூட்டத்தார், துறவிகள் ஆகியோரோடு அனத்தோலியச் சகோதரியர் என்னும் பெண்கள் குழுவையும் அவர் சேர்க்கிறார். பெக்தாஷ் தம் ஞானத்தையும் பொறுப்பையும் ஒப்படைக்கத் தேர்ந்தது இச்சகோதரியர் குழுவையே. மகளாக ஏற்றுக்கொண்ட காதின்ஜிக் தாயிடம் அவற்றை ஒப்படைத்தார். அவரிடமிருந்து அவை அப்தால் மூசா என்னும் துறவிக்குச் சென்றன. 13ஆம் நூற்றாண்டில் ஒரு ஞானமரபு பெண் ஒருவரின் வழியாகத் தொடர்ந்தது என்பது எளிதில் கடந்து செல்லக்கூடிய செய்தியன்று.

பெக்தாஷ் காதின்ஜிக்கை மணந்தார் என்று அவர் குருதிவழி வந்தோராகத் தம்மைக் கருதும் செலெபி குடும்பத்தார் கூறுவர். அவர் மணம் செய்யவே இல்லை என்று துறவு பூண்ட பாபாக்கள் கூறுவர். இப்பூசல் நூற்றாண்டுக்கணக்கில் நீடித்து, பெக்தாஷி நெறியை இரு கிளைகளாகப் பிரித்தது.

கோதுமையா, மூச்சா?

விலாயத்நாமேயில் துருக்கியர் மிகுதியும் நினைவில் வைத்திருப்பது யூனுஸ் என்னும் ஏழை உழவரின் கதையே. ஓராண்டு மழை பொய்த்தது. யூனுஸின் ஊரில் விதைத்தது விளையவில்லை. காராஹொயுக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார், கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லமாட்டார் என்று அவர் கேள்விப்பட்டார். வெறுங்கையோடு செல்ல மனம் ஒப்பவில்லை. காட்டில் கிடைத்த பழங்களைப் பறித்து வண்டியில் நிரப்பி, காளையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பெக்தாஷ் அப்பழங்களை ஏற்றுக்கொண்டார். அவரைச் சில நாள் தங்கவைத்து, பின் சீடர்கள் வாயிலாக ஒன்று கேட்டார். யூனுஸுக்கு வேண்டுவது கோதுமையா, மூச்சா? மூச்சு என்பது இங்கே ஞானியின் அருளைக் குறிக்கும். யூனுஸ் கோதுமையே வேண்டும் என்றார். ஒரு பழத்துக்கு ஒரு மூச்சு தருவதாக மீண்டும் சொல்லி அனுப்பினார் பெக்தாஷ். யூனுஸ் இசையவில்லை. ஒவ்வொரு பழத்தின் ஒவ்வொரு விதைக்கும் பத்து மூச்சு என்று மூன்றாம் முறை சொல்லி அனுப்பினார். வீட்டில் மனைவி மக்கள் பசித்திருக்கிறார்கள்; மூச்சினால் வயிறு நிறையாது; கோதுமையே தாருங்கள் என்று வேண்டினார் யூனுஸ். பெக்தாஷ் கடிந்துகொள்ளவில்லை. வண்டி கொள்ளுமளவு கோதுமையை ஏற்றச்செய்து அனுப்பிவைத்தார்.

வண்டி ஊரெல்லையைத் தாண்டியதும் யூனுஸின் நெஞ்சு உறுத்தியது. இந்தக் கோதுமை சில நாளில் தீர்ந்துவிடும். தரவந்ததை வேண்டாமென்று விட்டோமே என்று கலங்கினார். வண்டியைத் திருப்பினார். கோதுமையை எடுத்துக்கொண்டு மூச்சைத் தருமாறு வேண்டினார். காலம் கடந்துவிட்டது, அந்தப் பூட்டின் திறவுகோலைத் தப்துக் எம்ரேயிடம் கொடுத்துவிட்டோம் என்ற பதிலே வந்தது.

யூனுஸ் தப்துக் எம்ரேயைத் தேடிச் சென்றார். நாற்பது ஆண்டுகள் அவர் மடத்துக்கு விறகு சுமந்தார். அவர் கொணர்ந்த விறகில் ஒன்றுகூடக் கோணல் இல்லை. காரணம் கேட்டபோது, இந்த வாயிலுக்குள் கோணலானது நுழையலாகாது என்றார். அதன்பின்னரே அவர் வாய் திறந்து பாடினார். துருக்கி மொழியின் மூத்த பெருங்கவிஞராகிய யூனுஸ் எம்ரே இவரே. கவிஞர் 1320ஆம் ஆண்டளவில் மறைந்தவர். அவர் பெக்தாஷை நேரில் கண்டாரா என்பதற்கு இக்கதையன்றி வேறு சான்று இல்லை. கதையில் நாம் நோக்க வேண்டியது பெக்தாஷின் நடத்தை. பசித்தவன் உணவைத் தேர்ந்ததை அவர் இழிவாகக் கருதவில்லை. கேட்ட கோதுமையைக் குறையாமல் கொடுத்தார்.

நான்கு வாயில்கள்

மகாலாத் என்னும் நூல் பெக்தாஷ் இயற்றியதாக வழங்குகிறது. அரபு மொழியில் அமைந்திருந்து பின்னர்த் துருக்கிக்குப் பெயர்க்கப்பட்ட அந்நூலின் ஆசிரியர் அவர்தானா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மனிதன் இறைவனை அடைய நான்கு வாயில்களைக் கடக்கவேண்டும் என்கிறது அந்நூல். சமயச் சட்டம், ஞானவழி, மெய்யறிவு, மெய்ம்மை என்பன அவை. ஒவ்வொரு வாயிலுக்கும் பத்துப் படிகளாக மொத்தம் நாற்பது படிகள். மனிதரையும் காற்று, நெருப்பு, நீர், மண் என்னும் நான்கின் இயல்போடு அது பொருத்திக் காட்டுகிறது. மண்ணோடு பொருத்தப்படுவோர் இறைவனிடம் அன்பு பூண்டோர். அவர்களே நால்வகையினருள் உயர்ந்தோர்.

மறைவும் பின்னும்

பெக்தாஷ் 1271ஆம் ஆண்டில் மறைந்தார் என்பது மரபு. தம் இறுதி நெருங்கியதை அறிந்த அவர், சாரி இஸ்மாயில் என்னும் சீடரை அழைத்தார். தாம் மறைந்தபின் சாம்பல்நிறக் குதிரையில், முகத்தைப் பச்சைத் துணியால் மூடிய ஒருவர் வருவார். உடலை நீராட்டி அடக்கம் செய்யும் கடனை அவரே முடிப்பார் என்று சொல்லிவைத்தார். அவ்வாறே ஒருவர் வந்தார். எல்லாம் முறைப்படி முடித்துக் குதிரையேறிப் புறப்பட்டார். சாரி இஸ்மாயிலால் தாங்க முடியவில்லை. பின்னே ஓடி, முகத்தைக் காட்டுமாறு மன்றாடினார். வந்தவர் திரையை விலக்கினார். அங்கே இருந்தது பெக்தாஷின் முகம். தம் உடலைத் தாமே நீராட்டிச் செல்பவராக அவரைக் கண்ட சீடர், கண்டதை நம்பமாட்டாமல் நின்றார்.

அவருடைய அடக்கத்தலத்தைச் சுற்றி ஒரு மடம் வளர்ந்தது. துருக்கியர் அதனைத் தெக்கே என்பர். தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் தைக்கா என்னும் சொல் இதனோடு உறவுடையது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலிம் சுல்தான் என்பவர் பெக்தாஷி நெறிக்கு ஒழுங்கான அமைப்பைத் தந்தார். உதுமானியப் பேரரசின் ஜானிசரிப் படையினர் பெக்தாஷைத் தம் காவல் ஞானியாகக் கொண்டனர். தம் வெண்கம்பளித் தொப்பியின் பின்புறம் தொங்கும் மடிப்பு, வாழ்த்துக் கூறியபோது தம் தலைமேல் படிந்த அவருடைய அங்கியின் கையே என்று நம்பினர். அப்படை தோன்றியது அவர் மறைந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே. உதுமானிய அரச குலத்தோடு அவருக்குத் தொடர்பே இல்லை என்று ஆஷிக்பாஷாசாதே அன்றே மறுத்திருக்கிறார். மரவாள் ஏந்திய ஞானி ஒரு பெரும்படையின் காவலர் ஆனது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அந்த உறவுக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1826ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையை ஒழித்தபோது பெக்தாஷி நெறியையும் தடைசெய்தார். மடங்கள் பல இடிக்கப்பட்டன; பாபாக்கள் நாடுகடத்தப்பட்டனர்; தலைமை மடம் வேறொரு நெறியைச் சேர்ந்தவரின் பொறுப்பில் விடப்பட்டது. சில பத்தாண்டுகளில் நெறி மீண்டும் தலையெடுத்தது. 1925ஆம் ஆண்டில் துருக்கிக் குடியரசு எல்லாத் துறவியர் மடங்களையும் மூடியது. பெக்தாஷிகளின் தலைமையகம் அல்பேனியாவின் திரானா நகருக்குப் பெயர்ந்தது. அனத்தோலியச் சிற்றூர்களில் அலவி மக்கள் தம் வழிபாட்டை வீடுகளுக்குள், கதவடைத்து, வாயிலில் காவல் வைத்து நடத்தினர். சாஸ் இசையும் பாடலும் பழங்கதைகளும் அவ்வாறே அடுத்த தலைமுறைக்குச் சென்றன.

1964ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஹாஜிபெக்தாஷ் மடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அங்கு விழா நடக்கிறது. பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். அரசின் பதிவேட்டில் அது அருங்காட்சியகம். உள்ளே நுழைபவர்களோ வாசற்படியை மிதிக்காமல் தாண்டுகின்றனர். குனிந்து நிலைக்கதவை முத்தமிடுகின்றனர்.